லாரி முதல் பாகம்: எதை எப்போது எடுப்பது, எங்கே சேவ் செய்வது

லெஷர் சூட் லாரி என்ற கணினி விளையாட்டின் முதல் பாகத்துக்கு சியர்ரா நிறுவனம் விட்ட பழைய பதிப்புகள் இரண்டு. 1987இல் வந்தது ஆங்கிலக் கட்டளைகளை டைப் அடித்து ஆடுவது. 1991இல் வந்த மறுபதிப்பு 256 நிறத்தில், மவுஸ் கிளிக்கில் ஓடும். முதல்முறை ஆடுபவர்கள் இரண்டாவதையே எடுங்கள். பழையதில் விடை தெரிந்தாலும் சரியான வினைச்சொல் அகப்படாமல் தவிக்க வேண்டியிருக்கும்.

ஓட்டுவதற்கு, பழைய கேம்களை இன்றைய கருவிகளில் ஓடவைக்கும் ஸ்கம்விஎம் என்ற மென்பொருள் போதும். புதுச்சேரி கடைகளில் கிடைக்கும் எந்தப் பழைய லேப்டாப்பிலும் ஓடும், ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். 'ஆட் கேம்' கொடுக்கும்போது ரிசோர்ஸ்.மேப் என்ற ஃபைல் நேரடியாக இருக்கிற ஃபோல்டரைக் காட்டுங்கள். அதற்கு வெளியே உள்ள ஃபோல்டரைக் காட்டுவதால்தான் பலருக்கும் கேம் கிடைக்கவில்லை என்று வருகிறது. ரைட் கிளிக் அடித்தால் நடப்பது, பார்ப்பது, கை, பேச்சு என்று கர்சர் மாறும். போனில் இரண்டு விரலால் தட்ட வேண்டும்.

ஆரம்பத்தில் வயது வந்தவரா என்று சோதிக்க வரும் கேள்விகள் அந்தக் கால அமெரிக்கப் பொது அறிவு. நமக்குத் தெரிய நியாயமில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எக்ஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தாண்டிவிடலாம். ஆனால் இது பெரியவர்களுக்கான விளையாட்டு என்பது உண்மை. கடலூர் பஸ்ஸில் ஸ்பீக்கரைத் திறந்துவைத்து ஆட வேண்டாம்.

கதை நடப்பது லாஸ் வேகாஸைக் கிண்டலடிக்கும் லாஸ்ட் வேஜஸ் என்ற ஊரில். நாயகன் லாரியின் கையில் 94 டாலர். லெஃப்டீஸ் பார் வாசலில் தொடங்கும். பாருக்குள் விஸ்கி வாங்கி, உள்நடையில் உட்கார்ந்திருக்கும் குடிகாரனுக்குக் கொடுத்தால் டிவி ரிமோட் தருவான். பக்கத்து மேஜையில் ரோஜா. கழிவறை சிங்க்கில் மோதிரம். சுவரில் எழுதியிருப்பதைப் படித்துவையுங்கள், பாரின் உள்கதவுக்கு அதுதான் பாஸ்வேர்டு. உள்ளே மாடிப்படியை மறித்து நிற்பவன் டிவியில் மூழ்கும்வரை ரிமோட்டில் சேனலை மாற்றிக்கொண்டே இருந்தால் வழி கிடைக்கும். மேல் அறையில் சாக்லெட் பெட்டி இருக்கிறது. கடையில் ஆணுறை வாங்காமல் அந்த அறையில் இருக்கும் விலைமாதுவோடு படுத்தால் லாரி நோய் வந்து சாவான். வாங்கிப் போட்டுக்கொண்டு, வெளியே வரும்முன் கழற்ற மறந்தால் போலீஸ் பிடித்துப் போகும்.

சாவுகள் எல்லாமே சிரிப்புக்குத்தான் என்றாலும் அவை வருகிற இடங்கள் தெரிந்திருக்க வேண்டும். நடுரோட்டில் இறங்கினால் கார் அடிக்கும், இருட்டுச் சந்தில் அடி விழும். டாக்ஸியில் நம்மூர் ஆட்டோ மாதிரி பேரம் கிடையாது, இறங்கும்போது முழுக் காசையும் எண்ணி வைக்க வேண்டும். முக்கியமாக, ஒயின் பாட்டிலோடு டாக்ஸியில் ஏறாதீர்கள். டிரைவர் அதைக் குடித்துவிட்டு வண்டியை மோதுவான்.

அந்த ஒயின் எதற்கு என்பதில்தான் பலர் வசமாக மாட்டுகிறார்கள். கடை வாசலில் வரும் பிச்சைக்காரனுக்கு அதைக் கொடுத்தால் பேனாக்கத்தி தருவான். கடையில் வாங்கி அங்கேயே கொடுத்துவிடுங்கள். கேசினோ ஆஷ்ட்ரேயில் டிஸ்கோ பாஸ் இருக்கிறது. டிஸ்கோவில் இருக்கும் ஃபான் என்ற பெண்ணுக்கு ரோஜா, சாக்லெட், மோதிரம் மூன்றும் கொடுத்தால் கல்யாணப் பேச்சு வரும். அவளுக்கு 100, கல்யாணம் செய்து வைப்பவருக்கு 100. தேனிலவு அறையில் லாரியைக் கட்டிப்போட்டுவிட்டுப் பணத்தோடு போய்விடுவாள். கத்தி இல்லையென்றால் கட்டியிருக்கும் கயிற்றை அறுக்க வழியே இல்லை, பழைய சேவுக்குத்தான் திரும்ப வேண்டும். அறுத்த பிறகு கயிறை விட்டுவிடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பாரின் மாடி ஜன்னல் வழியாகப் பக்கத்து ஜன்னலில் இருக்கும் மாத்திரையை எட்டி எடுக்கும்போது இதுதான் விழாமல் காக்கும். கண்ணாடியை உடைக்கச் சுத்தியல் வேண்டும். அது கீழே இருக்கும் குப்பைத் தொட்டியில்.

பணத்துக்குக் கேசினோவைத் தவிர வேறு வழியில்லை. ஜெயித்தால் எஃப்5 அடித்து சேவ், தோற்றால் எஃப்7 அடித்துப் பழையதை எடுங்கள். இதைத் தப்பாட்டம் என்று நான் நினைக்கவில்லை. வடிவமைத்த ஆல் லோவே அடிக்கடி சேவ் செய்து ஆடுவதை எதிர்பார்த்துத்தான் இத்தனை சாவுகளை வைத்திருக்கிறார். ஒரே சேவின் மேல் மறுபடி மறுபடி எழுதுவதுதான் ஆபத்து. பார், டிஸ்கோ, கல்யாணத்துக்கு முன் என்று தனித்தனிப் பெயரில் வையுங்கள். மழைக்காலத்தில் கடலூர்ப் பக்கம் கரன்ட் போனாலும் கவலையில்லை.

மாத்திரை கேசினோ ஹோட்டலின் மேல்மாடி வரவேற்பில் இருக்கும் ஃபெய்த் என்ற பெண்ணுக்கு. அவள் எழுந்து ஓடியதும் மேஜையில் இருக்கும் பட்டனை அழுத்தினால் பென்ட்ஹவுஸ் லிஃப்ட் திறக்கும். மேலே போகும்முன் பையில் ஆப்பிள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேசினோ வாசலில் பீப்பாயை மாட்டிக்கொண்டு நிற்பவனிடம் கிடைக்கும். கடைசிக் காட்சியில் வரும் ஈவ் என்ற பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது அதுதான்.