டோனாவூரில் ஒரு புதன்கிழமை

திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி, ஏர்வாடி வழியாக டோனாவூருக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அந்தக் கணக்கு எனக்கு முக்கியம். செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ், அடுத்தது வியாழக்கிழமை. ஊசி குத்திய இடது கை வலிக்காமலும் காலில் நீர் கோத்துக்கொள்ளாமலும் எங்காவது போய்வர வேண்டுமென்றால் நடுவில் வரும் புதன்தான் வசதி.

கார் ஓட்டியவன் என் மைத்துனன். ஏர்வாடியைத் தாண்டியதும் பழக்கதோஷத்தில் இளநீர்க் கடையில் நிறுத்திவிட்டு, "மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தான்" என்று மறுபடியும் வண்டியை எடுத்தான். இளநீரில் பொட்டாசியம் அதிகம். வேலை செய்யாத சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, இரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறிவிடும். வாழைப்பழமும் அப்படித்தான். களக்காட்டுச் சீமையிலோ சாலையின் இருபுறமும் வாழைத் தோட்டங்கள். தொடக் கூடாத பழம் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை குலை தள்ளி நிற்கிறது. பின்னால் நீல நிறத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை. நல்ல காற்று. காற்றுக்கு மட்டும் டாக்டர் அளவு சொல்லவில்லை.

மிஷனரி ரேனியுஸ் ஐயர் காலத்தில் இங்கே தேவாலயம் கட்டப் பணம் கொடுத்த டோனா பிரபுவின் பெயரால் ஊருக்கு டோனாவூர் என்று பெயர் வந்தது. இன்று வெளியூர்க்காரர்கள் தேடி வருவது மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்காக. வட அயர்லாந்தில் 1867-இல் பிறந்தவர். 1895-இல் இந்தியா வந்த பிறகு ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. கோயில்களுக்குப் பொட்டுக் கட்டிவிடப்படவிருந்த சிறுமிகளுக்கு 1901 முதல் இங்கே அடைக்கலம் கொடுத்தார் என்பது எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் வந்தது அந்தக் கதைக்காக அல்ல. அவர் படுக்கையில் கழித்த இருபது ஆண்டுகளுக்காக.

1931 அக்டோபர் 24. களக்காட்டில் ஊழியத்துக்காக ஒரு வீட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கப் போனவர், மங்கிய வெளிச்சத்தில் அங்கே தோண்டிவைத்திருந்த குழியில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. வயது அறுபத்து மூன்று. எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற சாமர்வெல் டாக்டர் அப்போது பணியாற்றிய நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு கூடியிருக்கலாம், ஆனால் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வலியும் தூக்கமின்மையும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன. 1948-இல் அறைக்குள்ளேயே இன்னொரு முறை விழுந்தார். 1951 ஜனவரி 18-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறைதான். அதற்குச் சமாதான அறை என்று பெயர்.

இது சுற்றுலாத் தலமல்ல. இன்றும் மனிதர்கள் வாழும் வளாகம். வாசலில் கேட்டு, அனுமதி கிடைத்த பிறகே உள்ளே போக வேண்டும். மரங்கள் அடர்ந்த பாதை, ஓட்டுக் கூரைகள், உயரமான கோபுரத்தோடு ஜெப வீடு. சமாதான அறைக்குள் நின்றபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கெண்டைக்கால் தசை இழுத்தது. வெளியே வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

படுக்கையில் கிடந்தபோது அவருக்கும் ஆறுதல் துண்டுப்பிரதிகள் வந்து குவிந்தனவாம். அவை சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதியவை என்பதால் ஒட்டவில்லை. ஆகவே நோயாளி நோயாளிக்கு எழுதுவதாக அவரே எழுதத் தொடங்கினார். இதைப் படித்த அன்று நான் சத்தமாகச் சிரித்தேன். என் வீட்டு அலமாரியில் அப்படிப்பட்ட பிரதிகள் ஒரு கட்டு இருக்கின்றன. ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில், பெயர் வேண்டாம், மேடையில் இருந்தவர் என்னைப் பார்த்து, "விசுவாசம் குறைந்த இடத்தில் அற்புதம் நடக்காது" என்றார். சிறுநீரகம் போன துக்கத்தோடு, அது என் குற்றம் என்கிற துக்கத்தையும் வீட்டுக்குச் சுமந்து வந்தேன்.

தாழ்வாரத்தில் மைத்துனனிடம் பொன்னம்மாளைப் பற்றிச் சொன்னேன். ஏமி அம்மையாரின் தொடக்க கால உடன் ஊழியர் அவர். புற்றுநோய் வந்தது. எல்லாரும் கூடி, எண்ணெய் பூசி ஜெபித்து, ஜெயத்தின் அடையாளமாக அவர் கட்டிலின் குறுக்கே ஒரு குருத்தோலையை வைத்தார்கள். அன்றிலிருந்து நோய் கூடிக்கொண்டே போயிற்று. 1915-இல் இறந்தார். டோனாவூர்க்காரர்கள் இதை மறைக்கவில்லை, அம்மையாரே எழுதிவைத்தார். சாட்சி என்றால் சுகமானவர்களின் சாட்சி மட்டும்தான் என்று எங்கள் சபைகளில் ஆகிவிட்ட நிலையில், எனக்கு இது பெரிய சாட்சியாகத் தெரிகிறது.

"அப்படியானால் ஜெபமே வேண்டாமா அத்தான்?"

"வேண்டும். நாமே பதிலையும் எழுதிவைத்துக்கொண்டு ஆண்டவரிடம் கையெழுத்து மட்டும் கேட்க வேண்டாம் என்கிறேன்."

அவன் பேசவில்லை. எனக்காக உபவாசம் இருப்பவன் அவன். அவன் அன்பை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

அப்போஸ்தலனாகிய பவுல், தன்னை வருத்திய உடம்பின் 'முள்ளை' எடுத்துப்போடும்படி ஆண்டவரிடம் மூன்று தரம் கேட்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்". முள் போனதாக எங்கும் எழுதவில்லை. எண்பத்தெட்டாம் சங்கீதம் கடைசியில்கூட ஒரு நம்பிக்கை வரி சொல்லாமல் முடிந்துவிடுகிறது, அதையும் வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. இதெல்லாம் சிறு வயதிலிருந்து தெரிந்ததுதான். இரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பும் நான்கு மணி நேரத்தில் வேறு விதமாகத் தெரிகிறது. அங்கே எனக்குக் கிடைத்திருப்பது சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். பயம் வருகிறது. இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது நன்றாகவே வருகிறது. ஆனாலும் தேவனிடம் எதையும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை என்று ஆனபிறகு பயத்தோடேயே தூங்க முடிகிறது. அதைத்தான் நான் சமாதானம் என்கிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் அம்மையாருக்குக் கல்வெட்டு இல்லை, வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள், பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டியை வைத்து, அதில் தாயைக் குறிக்கும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள். எனக்கு அன்றைக்கு அளந்த தண்ணீரில் பாட்டிலில் மிச்சமிருந்தது இரண்டு மிடறு. அதை வீடுவரை வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது களக்காடு வழியாக வந்தோம். குழி இருந்த இடத்தை விசாரிக்கவில்லை, வேடிக்கை பார்க்க அதில் என்ன இருக்கிறது? வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது மைத்துனன் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டான். வருகிறேன், ஆனால் என்னை முன்வரிசையில் உட்காரவைக்கக் கூடாது, நோயை விலகும்படி கட்டளையிட்டுச் சத்தம் போடவும் கூடாது என்றேன். முதல் நிபந்தனைக்கு உடனே ஒப்புக்கொண்டான். இரண்டாவதைப் பற்றிச் சபை ஐயரிடம் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.