காணாமற்போன சித்தப்பாவும் இறப்புத் தேதிக் கேள்வியும்

என் சித்தப்பா திருமணம் செய்துகொள்ளாதவர். குன்னூரை அடுத்த எங்கள் ஊரில் அவர் பெயரில் சிறு தேயிலைத் தோட்டமும், வங்கியில் ஒரு வைப்புத்தொகையும் இருந்தன. வேலைக்காகத் திருப்பூர் சென்றவரிடமிருந்து ஒரு கட்டத்திற்குப் பிறகு எந்தத் தகவலும் வரவில்லை. அப்பா உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பத்திரப்படுத்தி வைத்தார். பல ஆண்டுகள் கழித்து எங்கள் வழக்கு அந்தக் காகிதத்தை நம்பித்தான் நின்றது. ஆகவே, வீட்டில் ஒருவர் காணாமற்போனால் ‘எப்படியும் வந்துவிடுவார்’ என்று புகாரைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இயல்பாகத் தகவல் அறிந்திருக்க வேண்டியவர்களுக்கு 7 ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டால், அவர் உயிருடன் இருப்பதாகச் சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அதுவே பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 111ஆம் பிரிவு. ஆனால் 7 ஆண்டுகள் கடந்ததும் சான்றிதழ் தானாக வந்துவிடுவதில்லை. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் தர இயலாது என்று வருவாய் அலுவலகத்தில் கூறிவிட்டார்கள். எனவே, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்றைப் பெற்று, அரசுக்கு முன்னறிவிப்பு அனுப்பி அதற்குரிய 2 மாதங்கள் காத்திருந்து, சித்தப்பாவை இறந்தவராக அறிவிக்கக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்குத் தொடர்ந்தோம். நாளிதழில் அறிவிப்பும் வெளியிட்டோம். ஆண்டு தவறாமல் தந்தி மாரியம்மன் தேருக்கு ஊர் வந்துவிடும் தம்பி அதன்பின் ஒருமுறைகூட வரவில்லை என்று சின்ன அத்தை சாட்சிக் கூண்டில் நின்று சொன்னார். அத்தை இயல்பாகத் தகவல் அறிந்திருக்க வேண்டியவர் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் எங்களிடம் இல்லை.

எங்களைப் பெரிதும் அலைக்கழித்தது இறப்புத் தேதிதான். 7 ஆண்டுகள் நிறைந்த நாளே இறந்த நாள் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இறந்துவிட்டார் என்பதை மட்டுமே அனுமானிக்கலாம், எந்த நாளில் என்பதை அதைக் கோருபவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. சித்தப்பா காணாமற்போனபோது பாட்டி உயிரோடு இருந்தார். வழக்குப் போடும் முன்பே காலமாகிவிட்டார். காணாமற்போன காலத்திலேயே சித்தப்பா இறந்தார் என்றால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசான பாட்டிக்கே சொத்து முழுவதும் சேரும். அவர் வழியாக, முன்பே இறந்துபோன பெரிய அத்தையின் பிள்ளைகளுக்கும் பங்கு கிடைக்கும். வழக்குத் தொடர்ந்த நாளை வைத்தால், உயிரோடு இருக்கும் உடன்பிறந்தவர்களான அப்பாவும் சின்ன அத்தையும் மட்டுமே வாரிசுகள். முந்தைய தேதியை நிரூபிக்க எங்களிடம் ஆதாரம் இல்லாததால், நீதிமன்றம் வழக்குத் தேதியையே ஏற்றது. தீர்ப்பு தங்களுக்குச் சாதகமாக இருந்தும், அப்பாவும் அத்தையும் அந்தப் பிள்ளைகளை விட்டுவிட மனம் ஒப்பவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாத அந்த நியாயத்தை அவர்கள் தாமே செய்ததில் எனக்குப் பெருமை உண்டு.

‘இறந்தவர்’ என்று எழுதிய மனுவில் கையெழுத்திட அப்பா நெடுநாள் தயங்கினார். இது அனுமானமே, சித்தப்பா திரும்பி வந்தால் இந்த அனுமானம் நிற்காது என்று வழக்கறிஞர் பொறுமையாக விளக்கிய பிறகே சம்மதித்தார்.

தீர்ப்பு நகலைக் காட்டி இறப்பைப் பதிவு செய்தோம். வங்கித் தொகைக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படியான வாரிசுரிமைச் சான்றிதழைத் தனியாக நீதிமன்றத்தில் பெற்றோம். அது நிலத்துக்குப் பயன்படாது. தோட்டத்தின் பட்டா முதலில் அப்பா, அத்தை பெயர்களுக்கு மாறியது; பிறகு பெரிய அத்தையின் பிள்ளைகளுக்கான பகுதியைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொடுத்தார்கள்.