சர்க்கரைச் செம்பும் சல்லடமும்: மதுரை, சித்திரை 2024

ஏப்ரல் 8, திங்கள்

பெரியவளுக்குப் பத்தாம் வகுப்பின் கடைசிப் பரீட்சை இன்றோடு முடிந்தது. சமூக அறிவியல். வந்ததும் கட்டிப்பிடிப்பாள், கேள்வித்தாளை விரித்து வைத்துக் கதை சொல்லுவாள் என்று வாழைக்காய் பஜ்ஜிக்கு மாவு கரைத்து வைத்திருந்தேன். வந்தாள், பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், படுத்துவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து கேட்ட முதல் கேள்வி, "போன் எங்கம்மா?"

சின்னவன் மூன்றாம் வகுப்பு. அவனுக்குப் போன வாரமே லீவு விட்டாகிவிட்டது. பஜ்ஜி எல்லாம் அவன் வயிற்றுக்குள்தான் போனது.

ஏப்ரல் 11, வியாழன்

ரம்ஜான். எதிர்வீட்டு அக்கா வழக்கம்போல் ஒரு வாளி பிரியாணி கொடுத்து அனுப்பினார். சின்னவனுக்கு இந்த வருஷம் அது கூடுதல் முக்கியம். நாளைக்குச் சித்திரைத் திருவிழாக் கொடியேற்றம், நாளையிலிருந்து அவனுக்கு விரதம். அழகர் ஆற்றில் இறங்கி முடிக்கும்வரை கவுச்சி கிடையாது என்று அம்மாச்சி சொல்லிவிட்டார். எலும்பைக்கூட விடாமல் சப்பியவன் கேட்டான்: "முட்டை கவுச்சியா அம்மாச்சி?"

அம்மாச்சி என்றால் என் அம்மா. நேர்த்திக்கடன் அவர் போட்டதுதான். இவனுக்கு மூன்று வயதில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அழகரே, பிள்ளைய நல்லபடியா வீட்டுக்கு அனுப்பு, மூணு வருஷம் உனக்குத் தண்ணி பீய்ச்ச வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டார். அனுப்பிவிட்டார். நாங்கள்தான் கடனைக் கட்டவில்லை. 2020-ல் கொரோனா, அழகர் வைகைக்கு வரவே இல்லை. 2021-ல் அழகர்கோயிலுக்குள்ளேயே தொட்டி மாதிரி ஒரு ஆற்றைக் கட்டி அதில் இறங்கினார். அன்று சின்னவன் குளியலறை வாளியில் பிளாஸ்டிக் குதிரையை இறக்கி விளையாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. 2022-ல் நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள், இவர் கூட்டிப்போகவே மாட்டேன் என்றுவிட்டார். போன வருஷம் பங்காளி வீட்டில் துக்கம். இந்த வருஷமும் தள்ளினால் அழகர் வட்டி கேட்பார் என்கிறார் அம்மா.

ஏப்ரல் 14, ஞாயிறு

குரோதி வருஷம் பிறந்தது. வேப்பம்பூப் பச்சடி வைத்தேன். பெரியவள் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டுப் போனாள். சின்னவன் வெல்லப் பக்கமாகப் பார்த்து வழித்துத் தின்றான்.

மத்தியானம் அவனுடைய உடுப்புக்கு உட்கார்ந்தேன். ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் பிள்ளைக்குக் காசு கொடுத்தா உடுப்பு வாங்குவது? சிவப்பு வெல்வெட், மஞ்சள் சரிகை, முத்து மணி எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். தைக்கத்தான் தெரியவில்லை. புதுமண்டபத்தில் பரம்பரையாக அழகர் வேஷத்துக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். போன வாரம் அங்கே போய் ஒரு பெரியவரிடம் சும்மா விலை கேட்பதுபோல் நின்று பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார். "நீ தையக்காரிதானம்மா? விரலப் பாத்தாலே தெரியுது" என்று சிரித்துவிட்டு, சல்லடத்துக்கு, அதாவது முட்டிவரை வரும் கால்சட்டைக்கு, கால் பக்கம் எப்படி வெட்ட வேண்டும், தலையில் கட்டும் உருமாலுக்கு உள்ளே என்ன கெட்டித்துணி கொடுக்க வேண்டும் என்று முழுசாகச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பைசா வியாபாரம் இல்லாமல் இந்தக் காலத்தில் யார் சொல்வார்கள்.

சல்லடத்தில் இடுப்பிலும் காலிலும் இரண்டு அங்குலம் துணியை உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு வருஷக் கடன் பாக்கி இருக்கிறதே.

ஏப்ரல் 19, வெள்ளி

காலையில் ஓட்டு, சாயங்காலம் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். இரண்டும் ஒரே நாளில். 2019-லும் இப்படித்தான், தேரோட்டத்தன்று தேர்தல் வந்து, மதுரைக்கு மட்டும் ராத்திரி எட்டு மணிவரை ஓட்டுப் போட விட்டார்கள்.

விரலில் மையோடு டிவியில் செங்கோல் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்றிலிருந்து ஆவணி வரைக்கும் மதுரையில் மீனாட்சி ஆட்சி, அதற்கப்புறம்தான் சொக்கநாதர் என்று சின்னவனுக்குச் சொன்னேன். இவர் பேப்பரை மடக்காமலே, "அவளுக்கு நாலு மாசம், அவருக்கு எட்டு மாசம். கணக்குப் பாத்துக்க" என்றார். "நம்ம வீட்டுல பன்னெண்டு மாசமும் அம்மாதான்" என்றாள் பெரியவள். பரீட்சை முடிந்து இத்தனை நாளில் அவள் சேர்ந்தாற்போல் பேசிய வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மீனாட்சி கல்யாணம். டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பார்க்கும் கொடுப்பினை எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. டிவியில் மாங்கல்யம் ஏறியதும் நானும் எதிர்வரிசை வீட்டுப் பெண்களுமாகக் கூடத்தில் உட்கார்ந்து தாலிக்கயிறு மாற்றிக்கொண்டோம். அம்மா கட்டுவதில்லை, அப்பா போய் ஆறு வருஷமாகிறது. ஆனாலும் மஞ்சள் கிழங்கை உரசிக் கொடுப்பது அவர்தான், அந்த வேலையை யாருக்கும் விடமாட்டார்.

பெரியவள் வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பா என்னம்மா மாத்துவார்?" என்றாள்.

பக்கத்து வீட்டு அக்கா, "பனியன்" என்றார். சிரித்துச் சிரித்துக் கயிற்றில் முடிச்சு விழவே நேரமாகிவிட்டது. கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பது அப்புறம் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது.

இவர் சேதுபதி பள்ளிக்கூடத்துக் கல்யாண விருந்தில் சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டு வந்தார். நூற்றியொரு ரூபாய். சொந்தத் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு சந்தோஷமாக எழுதி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

இதை எழுதும்போது ராத்திரி பதினொரு மணி. கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கின்றன.

ராத்திரி மூன்று மணிக்கே செல்லூரிலிருந்து நடக்க ஆரம்பித்துவிட்டோம். இவர், நான், பெரியவள், சின்னவன். அம்மாவுக்கு முட்டி வலி, மாடியிலிருந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்றுவிட்டார். ஆனால் போகும்போது என் கையில் அப்பாவுடைய பித்தளைச் செம்பைக் கொடுத்தார். வாய்வரை சர்க்கரை நிரப்பி, மேலே வாழை இலை வைத்துக் கட்டியது. அழகர் ஆற்றில் இறங்கும்போது அதன்மேல் சூடத்தைக் கொளுத்திக் காட்ட வேண்டும். அப்பா இருந்தவரை ஒரு வருஷம்கூட விட்டதில்லை. ஒரு தோளில் நான், ஒரு கையில் செம்பு. அவர் தோளில் உட்கார்ந்து பார்த்த அழகர் எனக்கு அத்தனை பக்கத்தில் இருப்பார், கை நீட்டினால் குதிரையின் காதைத் தொட்டுவிடலாம்போல.

ஆழ்வார்புரம் பக்கம் போய்ச் சேர்வதற்குள் விடிகிற நேரமாகிவிட்டது. அணையிலிருந்து விட்ட தண்ணீர் ஆற்றில் பளபளவென்று ஓடுகிறது, கரை தெரியாமல் தலைகள். மொட்டை போட்ட தலைகள், உருமால் கட்டிய தலைகள், அப்பா தோளில் ஏறிய சின்னச் சின்னத் தலைகள். இவர் சின்னவனைத் தூக்கிக்கொண்டு நாலு வரிசை முன்னால் போய்விட்டார். நானும் பெரியவளும் ஒரு மின்கம்பத்தை ஒட்டி மாட்டிக்கொண்டோம்.

ஆறு மணியை ஒட்டி வேட்டுச் சத்தம். "கோவிந்தா" என்று அந்த இடமே எழுந்தது. நான் குதிகாலை உயர்த்திப் பார்க்கிறேன், முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரிகிறது. என்ன புடவை கட்டியிருக்கிறார் பெருமாள் என்றே தெரியவில்லை. பச்சைப் பட்டு என்றால் வருஷம் செழிக்கும், சிவப்பு என்றால் ஊருக்கு ஆகாது என்று அப்பா காலத்திலிருந்தே பேச்சு. எனக்கு அதுதான் தவிப்பு.

"பச்சைதான்மா" என்றது காதுக்கு மேலே ஒரு குரல்.

திரும்பினால் பெரியவள். என்னைவிட ஒரு சாண் உயரமாக நிற்கிறாள். எப்போது இவ்வளவு வளர்ந்தாள்? தாவணிக்கு ஜாக்கெட் தைக்க மாசாமாசம் அளவெடுக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

"தங்கக் குதிரை வந்துருச்சு. இப்ப தண்ணிகிட்ட நிக்குது... இறங்கலை... இருங்க... கொடைய ஆட்டுறாங்க... இறங்கிட்டார்மா. இறங்கிட்டார். சூடத்தப் பொருத்துங்க."

பொருத்தினேன். கை நடுங்கி இரண்டு தீக்குச்சி வீணாகிவிட்டது. செம்பை வாங்கி அவளே உயரத் தூக்கிக் காட்டினாள். இலை கருகி, சர்க்கரை லேசாகப் பொசுங்கி ஒரு வாசனை வந்தது. அழகரை நான் பார்க்கவில்லை. குடையின் நுனியை மட்டும் ஒரு விநாடி பார்த்தேன்.

மத்தியானத்துக்குமேல் ராமராயர் மண்டபம். தண்ணீர் பீய்ச்சுபவர்கள் எல்லாரும் அங்கேதான், வெயிலில் வந்த அழகரைக் குளிர்விக்க. பிரஷர் பம்ப் கூடாது, தோல் பைதான் என்று கண்டிப்பு. அதுதான் சரி. மோட்டாரில் அடிப்பதற்குப் பெயர் நேர்த்திக்கடனா? எங்களுடையது ஆட்டுத்தோல் தோப்பறை, இவருடைய சிநேகிதரிடம் இரவல் வாங்கியது. உருமாலும் கச்சையும் சல்லடமுமாகச் சின்னவன் குட்டி அழகர் மாதிரியே இருந்தான். அதைப் பார்த்து மூன்று பேர் அவனோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் குதிரை அருகே வந்ததும் பயல் உறைந்துவிட்டான். பையை அமுக்கவே இல்லை. "அடிடா, அடிடா" என்று இவர் கத்துகிறார், அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். இவர் அவன் கையோடு சேர்த்து ஒரு அமுக்கு அமுக்கினார், கடன் கழிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அழகர் தாண்டிப் போனபிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது. தடுப்புக் கட்டை ஓரமாகக் காலையிலிருந்து நின்று கறுத்துப்போயிருந்த ஒரு பெண் போலீஸ், "தம்பி, என் மூஞ்சில கொஞ்சம் அடிப்பா" என்றார். மிச்சத் தண்ணீரை எல்லாம் அவர்மேல் பீய்ச்சி அடித்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாச்சி ஆவலாக, "சாமிய நல்லாப் பாத்தியாடா? எது பிடிச்சுது?" என்று கேட்டார்.

"போலீஸ் ஆன்ட்டி. அப்புறம் பந்தல்ல குடுத்த தக்காளிச் சோறு."

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஏப்ரல் 30, செவ்வாய்

ஒரு வாரமாக வீட்டில் காபி, டீ எல்லாம் அந்தச் செம்புச் சர்க்கரையில்தான். பாதியைத் தெருவுக்குப் பிரசாதமாகக் கொடுத்தும் தீரவில்லை. சூடமும் கருகலும் கலந்த வாசனை. இவர் முகம் சுளிக்கிறார். பெரியவள் மட்டும் "எனக்கு அந்தச் சர்க்கரையிலயே போடுங்க" என்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாள்.

மே 4, சனி

கத்திரி இன்று ஆரம்பம், 28 வரை. வெயில் வீணாகக் கூடாது என்று ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சி மொட்டை மாடியில் வடகம் ஊற்றினேன். பழைய வேட்டியை விரித்து, நாலு பக்கமும் செங்கல் வைத்து, காக்காய்க்குக் கறுப்புக் குடை விரித்து வைத்தேன். சின்னவன் காவல். காவல்காரன் பாதி காய்ந்ததாகப் பார்த்து இரண்டு வரிசையைக் காலி செய்துவிட்டான். நானும் அந்த வயதில் அதைத்தான் செய்தேன். காய்ந்த வடகத்தைவிட அந்தப் பதம்தான் ருசி, யாரும் மறுக்க முடியாது.

மே 10, வெள்ளி

பத்தாம் வகுப்பு ரிசல்ட். 431. ஊரில் பாதிப் பேர் அட்சய திருதியைக்கு நகைக்கடையில் நிற்க, நாங்கள் போனைச் சுற்றி நின்றோம். எனக்கு மனசுக்குள் உயிரியல் குரூப், நர்ஸிங்காவது படிக்கட்டும் என்று ஒரு கணக்கு. அவள் தட்டைக் கழுவி வைத்தபடியே, "நான் காமர்ஸ் எடுக்கிறேன். அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். அப்பாவிடம் முதலில் சொல்லியிருக்கிறாள். மதிப்பெண்ணைவிட அதுதான் எனக்குக் குத்தியது. இவரிடம் கேட்டால், "உன்கிட்ட சொல்ல பயமாம்" என்கிறார். என்னிடமா? ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மே 18, சனி

கத்திரியில் மழை. இரண்டாவது தவணை வடகத்தை அள்ளி வர நானும் பெரியவளும் மாடிக்கு ஓடினோம். வேட்டியை ஆளுக்கு ஒரு முனை பிடித்துச் சுருட்டுவதற்குள் பாதி கரைந்து கூழாகவே போய்விட்டது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தபடி படிக்கட்டில் உட்கார்ந்தோம். காமர்ஸ் எடுத்தால் என்ன ஆகலாம் என்று கேட்டேன். ஆடிட்டர் பரீட்சை எத்தனை கட்டம், அதற்கு எத்தனை வருஷம் என்று விரல் விட்டுச் சொன்னாள். பாதி புரிந்தது. "உங்க ஜாக்கெட் கணக்கு நோட்ட நான்தானம்மா மூணு வருஷமா எழுதுறேன்" என்றாள். ஆமாம், அவள்தான் எழுதுகிறாள்.

ஜூன் 9, ஞாயிறு

6-ம் தேதி திறக்க இருந்த பள்ளிக்கூடம் வெயிலால் நாளைக்குத் தள்ளிப்போனது. இன்று புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடித்தோம். அழகர் உடுப்பைத் துவைக்காமல் வெயில் மட்டும் காட்டி, வேப்பிலை போட்டு டிரங்குப் பெட்டியில் வைக்க எடுத்தேன். வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுக் காட்டுகிறேன் என்று சின்னவன் அடம். போட்டான். சல்லடம் முட்டிக்கு மேலே ஏறி நிற்கிறது. ஒன்றரை மாசத்தில்.

மடித்த இரண்டு அங்குலம் அடுத்த சித்திரைக்குப் போதாது போலிருக்கிறது. மிச்ச வெல்வெட் எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தபோது, "தையல் மிஷின் டிராயர்ல, நோட்டுக்கு அடியில இருக்கும்மா" என்று அடுத்த அறையிலிருந்து பெரியவள் குரல் கொடுத்தாள்.