ஒரு எஸ்எஸ்டி வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மூன்று நடை

"சீல் பிரிச்ச பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் சார்."

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில், கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். நாலு நாளைக்கு முன்னால் இதே கவுண்டரில் நின்று, "எம்.2 எல்லாம் ஒண்ணுதான் சார், தைரியமா போடுங்க" என்று சொல்லி அந்த எஸ்எஸ்டியை (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) கொடுத்தவரும் இவர்தான். பிரிக்காமல் எப்படிப் போட்டுப் பார்ப்பது என்று கேட்டேன். அதற்குள் அடுத்த ஆளுக்கு சிசிடிவி கேமரா விலை சொல்லப் போய்விட்டார்.

லேப்டாப் என் மனைவியுடையது. 2017இல் வாங்கியது, ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பட்டனை அமுக்கிவிட்டுப் போய் டிகாஷன் இறக்கி, காபி கலந்து எடுத்து வந்தாலும் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கும். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். எட்டு வருட வினாத்தாள்கள் அத்தனையும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அதற்குள்தான் கிடக்கின்றன. 2025 ஜூனில் ஒருநாள் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். நீலமாக இருக்க வேண்டிய கட்டம் மஞ்சளாக, 'எச்சரிக்கை' என்று காட்டியது. டிஸ்க்கில் செக்டர்கள் (தரவு எழுதும் சிறு கட்டங்கள்) கெட ஆரம்பித்திருந்தன. வேகத்தை விடுங்கள், இனி உயிரோடு இருக்குமா என்பதே கேள்வியாகிவிட்டது.

முதல் நடை முழு முட்டாள்தனம். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை மின்சார ரயில், அங்கே மெட்ரோ மாறி அரசினர் தோட்டத்தில் இறங்கிப் போனால், தெருவில் பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை. டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு இரண்டாவது நடை. லேப்டாப்பின் உள்ளே எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி பலகையைச் செருகும் இடம்) ஒன்று காலியாக இருப்பது எனக்குத் தெரியும். எஸ்எஸ்டியில் இரண்டு வகை: வேகமான என்விஎம்இ, அதைவிட மெதுவான பழைய சாட்டா. கடையில் 500 ஜிபி என்விஎம்இ 3,100 ரூபாய், 480 ஜிபி சாட்டா 2,750 ரூபாய். 350 ரூபாய் கூடப் போட்டால் வினாடிக்கு 3,500 எம்பி வேகம் என்று அட்டையில் போட்டிருக்கிறதே, யார்தான் விடுவார்கள்? பில் கேட்டேன். "பில் போட்டா 18 பர்சன்ட் கூடும் சார்" என்று சொல்லி 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த வெள்ளைச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார். 558 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். அந்தச் சீட்டில் கடை பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை என்பது அன்றைக்குக் கண்ணில் படவில்லை.

இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். பின்பக்க ஸ்க்ரூக்களில் இரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும், அதைக் கழற்றாமல் நெம்பினால் மூடி விரிசல் விடும். இது முன்பே பட்டுத் தெரிந்துகொண்டது. காலாவதியான ஏடிஎம் கார்டை விளிம்பில் செருகி இழுத்தால் கிளிப்புகள் டிக் டிக்கென்று விடும். பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிட வேண்டும். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அழுத்திப் படுக்கவைத்துப் பார்த்தால், பிடித்து நிறுத்தும் குட்டி ஸ்க்ரூ ஸ்லாட்டிலும் இல்லை, எஸ்எஸ்டி பெட்டியிலும் இல்லை. டேப் ஒட்டி ஆன் செய்தேன். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புத் திரை) பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் தெரிந்தது.

டேப்பினால் காண்டாக்ட் சரியில்லையோ என்று பழைய வைஃபை கார்டு ஒன்றிலிருந்து ஸ்க்ரூவைக் கழற்றிப் போட்டேன். தெரியவில்லை. பயாஸ் அப்டேட் செய்தேன். தெரியவில்லை. இரவு ஒரு மணிக்கு, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: மாடல் எண்ணைப் போட்டுத் தேடி, தயாரிப்பாளர் தளத்திலிருந்து சர்வீஸ் மேனுவலை இறக்கினேன். சேமிப்பகம் என்ற தலைப்பின் கீழே ஒரே வரி. எம்.2 2280 (இது பலகையின் அளவு), சாட்டா மட்டும்.

எம்.2 என்பது அந்தப் பலகையின் வடிவத்துக்குத்தான் பெயர், உள்ளே ஓடும் தடம் சாட்டாவாகவும் இருக்கலாம், என்விஎம்இக்கு வேண்டிய பிசிஐஇயாகவும் இருக்கலாம். எம்.2 சாட்டா எஸ்எஸ்டியின் முனையில் பெரும்பாலும் இரண்டு வெட்டு, என்விஎம்இயில் வழக்கமாக ஒரே வெட்டு. சில லேப்டாப்களில் ஸ்லாட்டே தவறான கார்டை உள்ளே விடாது. அப்படி இருந்தால் புண்ணியம், உடனே தெரிந்துவிடும். என்னுடையது இரண்டையும் ஏற்கும் வடிவம், ஆனால் மதர்போர்டில் சாட்டா தடம் மட்டும்தான் இழுத்திருக்கிறார்கள். அக்கால மலிவு லேப்டாப்களில் இது சகஜமாம். சகஜமான விஷயம் தினமும் இதையே விற்கிறவருக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது!

மூன்றாவது நடையில்தான் மேலே சொன்ன உரையாடல். சரி, இது கெட்டுப்போனால் வாரன்டிக்காவது என்ன வழி என்று கேட்டேன். "கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பில்லோட கொடுங்க" என்றார். எந்த பில்?

வயிற்றெரிச்சலோடு அதே தெருவில் நாலு கடை தள்ளி ஏறினேன். அங்கிருந்த தம்பிக்கு இருபது வயதுதான் இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள், "லேப்டாப் மாடல் என்னண்ணே?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கே அவனிடம் வாங்கலாம் என்று தோன்றிவிட்டது. எம்.2 சாட்டா கேட்டேன். சரக்கு அதிகம் வருவதில்லை, இருப்பதும் விலை கூட, பழைய ஹார்ட் டிஸ்க் இடத்திலேயே இரண்டரை இன்ச் சாட்டா போட்டுவிடுங்கள் என்றான். வினாடிக்கு 550 எம்பிதான் வரும். ஆனால் பழைய மெஷின் மெதுவாக இருப்பது பெரிய ஃபைல் காப்பி ஆவதில் அல்ல, டிஸ்க்கின் முள் ஆயிரம் குட்டி ஃபைல்களைத் தேடி அங்கும் இங்கும் அலைவதில். அந்த அலைச்சல் எந்த எஸ்எஸ்டியிலும் கிடையாது.

இந்த முறை வீட்டுப்பாடம் செய்துவிட்டுப் போயிருந்தேன். அட்டையில் போட்ட வேகத்தைப் பார்க்கவில்லை. டிஎல்சியா க்யூஎல்சியா என்று கேட்டேன். சில்லின் ஒவ்வொரு அறையிலும் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது க்யூஎல்சி. க்யூஎல்சி மலிவு, ஆனால் பெரிய ஃபைலாக எழுதிக்கொண்டே போனால் கேஷ் (வேகமாக எழுதும் தற்காலிக இடம்) நிரம்பியதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கோ அதற்கும் கீழோ படுத்துவிடும். அடுத்தது டிராம், அதாவது எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொள்ளும் தனி நினைவகம். மலிவு என்விஎம்இயில் தனி டிராம் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டரின் ராமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். சாட்டாவுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் டிராம் உள்ள சாட்டா கிடைத்தால் நல்லது. என் பட்ஜெட்டில் கிடைக்கவில்லை, டிஎல்சியோடு திருப்திப்பட்டேன். எழுதும் ஆயுளைப் பற்றி வீண் பயம் வேண்டாம். மொத்தம் 160 டிபி எழுதலாம் என்று போட்டிருந்தால், தினம் 30 ஜிபி எழுதினாலும் 14 வருஷம் வரும். இந்த லேப்டாப் அதுவரை இருக்காது.

480 ஜிபி, வரியோடு 3,245 ரூபாய். பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி, அங்கேயே போட்டோ எடுத்து எனக்கே வாட்ஸாப் அனுப்பிக்கொண்டேன். கூடவே 350 ரூபாய்க்கு டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்க இரண்டரை இன்ச் யூஎஸ்பி கேஸ் ஒன்று. இதை மறக்காதீர்கள்: முதலில் புது எஸ்எஸ்டியை அதில் போட்டு குளோன் செய்யலாம் (பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது), பிறகு பழைய டிஸ்க்கை அதற்குள் போட்டுக்கொள்ளலாம். (நான் கொடுத்த விலையை வைத்துக் கடையில் பேரம் பேசாதீர்கள். அதற்குப் பிறகு நன்றாகவே ஏறிவிட்டது.)

குளோனிங்கில் ஒரு சறுக்கல். க்ளோனிசில்லா என்ற இலவச குளோனிங் மென்பொருள் பெரிய டிஸ்க்கைச் சின்னதில் ஏற்ற மறுத்துவிட்டது; டிஸ்க்கில் 210 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றாலும் பார்ட்டிஷன் 930 ஜிபி ஆயிற்றே. எஸ்எஸ்டி தயாரிப்பாளரே இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள் அதுவாகவே சுருக்கி ஏற்றியது. கெட்ட செக்டர் வந்த இடங்களில் எல்லாம் நின்று நின்று மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. வினாத்தாள் ஃபோல்டரை அதற்கு முன்பே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்ததால்தான் அந்த மூன்று மணி நேரம் தூங்க முடிந்தது.

காலையில் டிஸ்க்கை மாற்றியது இருபது நிமிட வேலை. ஆன் செய்ததும் 18 வினாடியில் டெஸ்க்டாப். 480 ஜிபிக்கு 447தான் காட்டும், ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம், கணக்கிடும் முறைதான் வேறு. உண்மையில் ஏமாறும் ஆட்கள் ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு 2 டிபி வாங்குபவர்கள்தான். அலுவலக நண்பர் ஒருவர் அப்படி வாங்கினார். உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூவை ஓட்டினால் 60 ஜிபிக்கு மேல் எழுதியதெல்லாம் குப்பை. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு உட்கார்ந்திருந்தது.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்துவிட்டது, இந்த ஐ3 விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன் என்கிறேன். பாமினி அதில் வருமா என்பதுதான் வீட்டம்மாவின் ஒரே கேள்வி. வரும் என்று செய்து காட்டும் வரை விடமாட்டாள்.

அந்த என்விஎம்இக்கு 900 ரூபாயில் ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கினேன். ஆக 4,000 ரூபாய்க்கு என்னிடம் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. வேகமான பென்டிரைவ்தான், குறை சொல்ல முடியாது.