அம்பரெல்லா இலையின்ர ஓரக்கோடு

போன மாசம் எங்கட பட்ச் வாட்ஸ்அப் குறூப்பில பொட்டனி மிஸ் மோசம் போயிட்டா எண்டு மெசேஜ் வந்திச்சு. அண்டைக்குப் பின்னேரம் இங்க கனடாவில, ஸ்காபரோ ஜமைக்கன் கடையில ஜூன் பிளம் எண்டு எழுதிப் போட்டிருந்ததில நாலு காய் வாங்கிக்கொண்டு வந்தன். எங்கட அம்பரெல்லாதான் அது.

கேட்டடியில உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தாற அம்பரெல்லாவ நாங்கள் எல்லாரும் திண்டு வளர்ந்த ஆக்கள், ஆனா 1987ல லேப்பில மிஸ் ஒரு காயத் தூக்கிக் காட்டி "இது என்ன குடும்பம், சொல்லும்" எண்டு கேக்க நான் கொய்யாக் குடும்பம் எண்டுட்டன். வகுப்பே சிரிச்சுது. "தின்னத் தெரியுது, பார்க்கத் தெரியேல்ல உமக்கு" எண்டு சொல்லி காயையும் கத்தியையும் தந்து மரத்தடிக்கு அனுப்பிட்டா. பெல் அடிச்சு எல்லாரும் வேனுக்குப் போறாங்கள், நான் அழுதழுது நார் முத்தாத பிஞ்சுக் கொட்டையக் குறுக்கால வெட்டி அறை எண்ணுறன். அஞ்சு.

மிஸ் வீட்டுக்குப் போகேல்ல. வந்து பக்கத்தில நிண்டு ஒரு இலையப் புடுங்கி வெயிலுக்கு நேர பிடிச்சா. பக்க நரம்பெல்லாம் ஓரத்துக்குக் கிட்ட வந்து, விளிம்போட ஒட்டி ஓடுற ஒரு கோட்டில போய்ச் சேருது. "ஸ்பொண்டியாஸ் எண்டா இந்தக் கோட்டப் பாரும்." அம்பரெல்லாவின்ர பேரினத்துக்கு அதுதான் பேர். பிறகு மாவிலை ஒண்டையும் இதையும் கசக்கி மூக்கில வச்சா, ரெண்டிலயும் அந்தப் பிசின் வாசம். மாவும் கஜுவும் இதுவும் ஒரே அனகார்டியேசியே வீட்டுப் பிள்ளையள் எண்டா. 1769ல கப்டன் குக்கின்ர கப்பலில தாகிட்டிக்குப் போன பார்க்கின்சன் எண்ட படம் கீறுற பெடியன்தான் ஸ்பொண்டியாஸ் டல்சிஸ் எண்டு இதுக்குப் பேர் வச்சவன், 1773ல அந்தப் பேர் அச்சில வரேக்க அவன் இல்ல, வீடு திரும்பாமலே 1771ல கடலில செத்துப்போனான் எண்டும் அண்டைக்குத்தான் சொன்னவ.

1990ல நான் நாட்ட விட்டு வெளிக்கிடேக்க மிஸ்ஸிட்டச் சொல்லேல்ல. அதுக்குப் பிறகு ரெண்டு தரம் கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில நிண்டனான், அவவின்ர வீடு ரெண்டு ஒழுங்கை தள்ளித்தான், அடுத்த முறை பார்ப்பம் எண்டு வந்திட்டன். இப்பவும் நெஞ்சு வலிக்குது.

காயக் குறுக்கால வெட்டிப் பார்த்தன், முத்தின கொட்டை, முள்ளுமுள்ளா நார் கத்திய விடேல்ல. இலையத்தான் தேடினன். இங்க காய் மட்டும்தான் வருது.