பனிக்கட்டித் தரையில் செஸ்னா 172: கனடாவில் குளிர்காலப் பயிற்சிக்கு வருபவர்களுக்கு

வின்னிபெக் பக்கம் பிரைவேட் பைலட் பயிற்சிக்குச் சேர்கிறவர்கள் மைனஸ் 30-ஐ நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நான் இங்கேதான் படித்தேன். செஸ்னா 172 மாதிரிச் சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தைத் தரையில் நகர்த்தும் விஷயத்தில் அந்தக் கடுங்குளிர் பரவாயில்லை. மார்ச் மாத மதியம், வெயில் பட்டு ஐஸ் மேல் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும் பாருங்கள், அப்போதுதான் ஆபத்து. டயருக்குப் பிடிமானமே இருக்காது.

ஹாங்கரிலிருந்து (விமானக் கொட்டகை) வெளியே எடுக்கும்போதே கவனம் வேண்டும். சாவியை எடுத்துக் கண்ணில் படும்படி டேஷ்போர்டு மேல் வையுங்கள். முன்சக்கரத்தில் மாட்டி இழுக்கும் கம்பியான டோ பாரைப் பிடித்து நிற்கிறவர் ப்ரொப்பெல்லருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். கால் வழுக்கினால் கை தானாக அதைத்தான் பிடிக்கப் போகும். எனவே தனியாக இழுக்காதீர்கள். இன்னொருவர் இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பியை (ஸ்ட்ரட்) தள்ளட்டும். முன்சக்கரத்தை எந்தப் பக்கமும் 30 டிகிரிக்கு மேல் திருப்பக் கூடாது. சூடான ஹாங்கரிலிருந்து வந்த டயர் ஐஸை உருக்கி, அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சக்தியால் பிடுங்கப் பார்க்காதீர்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே கையால் ஆட்டி விடுவித்துவிடுங்கள்.

டாக்ஸி செய்யும்போது, அதாவது எஞ்சின் சக்தியில் தரையில் ஓட்டும்போது, உண்மையான எதிரி காற்று. வால் துடுப்பில் பக்கக் காற்று அடித்தால் மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். காய்ந்த தரையில் டயர் அதைத் தடுத்துவிடும், ஐஸில் தடுக்க எதுவும் இல்லை. காலால் மிதிக்கும் ரடர் பெடல் மட்டும் முன்சக்கரத்தைச் சுமார் 10 டிகிரிதான் திருப்பும். அதற்கு மேல் ஒருபக்க பிரேக் தேவை, அது இங்கே உதவாது. ஆகவே நடை வேகம், அகலமான திருப்பம், வேகக் குறைப்பு முழுவதும் திருப்பத்துக்கு முன்பே. எதிர்க்காற்றென்றால் யோக்கை (கைப்பிடிச் சக்கரம்) காற்றுப் பக்கம் திருப்புங்கள். பின்காற்றென்றால் எதிர்ப்பக்கம் திருப்பி முன்னால் தள்ளுங்கள். வழுக்க ஆரம்பித்தால் த்ராட்டிலை ஐடிலுக்கு (எஞ்சினின் மிகக் குறைந்த வேகம்) கொண்டுவந்து, பிரேக்கை விடுங்கள். பிரேக்கில் பூட்டிக்கொண்ட சக்கரத்தால் திசையைக் கட்டுப்படுத்த முடியாது. மோதல் உறுதி என்றால் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் குமிழை இழுத்து எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

ரன்-அப்புக்கு, அதாவது புறப்படும் முன் எஞ்சினைச் சோதிக்க, மணல் தூவிய இடத்தைத் தேடுங்கள். 1,800 ஆர்பிஎம்மில் பிரேக் பிடித்தபடியே விமானம் சறுக்கும். முன்னால் காலி இடம் இருக்கட்டும், பார்வை மீட்டரிலேயே ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், டெஸ்டில் சிஆர்எஃப்ஐ (கனடாவில் ஓடுபாதையின் பிடிமானத்தைக் காட்டும் எண்) பற்றிக் கேட்டால், எண் குறையக் குறைய வழுக்கல் அதிகம் என்பதோடு நிறுத்தாதீர்கள். அது ஓடுபாதைக்கான அளவு. ஏப்ரனில் (விமானங்கள் நிற்கும் தளம்) என்ன செய்வாய் என்பது அடுத்த கேள்வியாக வரலாம். மணல் போட்ட வழியைக் கேட்பேன், காற்று பலமாக இருந்தால் எஞ்சினை நிறுத்தி இழுத்துப் போகச் சொல்வேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.