கயிறு ஓடும் தெரு

நவம்பர் 3, திங்கள்

மழை. சான் ஃபிரான்சிஸ்கோவில் தெருவுக்கடியில் ஓடும் கயிற்றைப் பிடித்துப் போகிற கேபிள் கார் வண்டிகளுக்கு ஒரு மியூசியம் இருக்கிறது, திங்கட்கிழமை கிடையாதாம். மேசன் தெருவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் அந்தச் செங்கல் கட்டடம். பூட்டியிருந்தாலும் உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம் வெளியே கேட்கிறது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அக்காவின் ரத்தப் பரிசோதனை எண் நாளைக்குத்தான் தெரியும்.

நவம்பர் 4, செவ்வாய்

எண் வரவில்லை. அக்கா தூங்கியதும் கிளம்பிவிட்டேன்.

டிக்கெட் இல்லை, இலவசம். நுழைந்ததும் கிரீஸ் வாசனை. மில்லை விட்டு வந்த பிறகு இந்த வாசனையை இப்படி மூச்சு நிறைய இழுத்ததில்லை. மியூசியம் என்பது பெயருக்குத்தான், இது ஓடுகிற பவர்ஹவுஸ். நம்மை மேலே கம்பி ஓரமாக நிற்க வைத்துவிட்டுக் கீழே அவர்கள் பாட்டுக்கு வேலை பார்க்கிறார்கள். மோட்டார் ஒவ்வொன்றும் 510 குதிரைத்திறன். பவல், மேசன், ஹைட், கலிஃபோர்னியா என்று நான்கு கயிறுகள். ஆளைவிடப் பெரிய சக்கரங்களில் எட்டுப் போட்டுச் சுற்றுகிறது கயிறு. அப்படிச் சுற்றினால்தான் வழுக்காமல் பிடிக்கும். அங்கிருந்து தெருவுக்கு அடியில் போய், ஊரைச் சுற்றி, திரும்ப இங்கேயே வந்து சேர்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர். மேடானாலும் பள்ளமானாலும் அதே வேகம்தான். வண்டியில் இஞ்சின் என்று ஒன்றுமே இல்லை.

1873இல் முதலில் ஓட்டிய கம்பெனியின் வண்டி ஒன்று, 8ஆம் எண், இங்கே நிற்கிறது. கிளே தெரு மேட்டில் ஓடியது. மழையில் வழுக்கி விழுந்த குதிரைகளைப் பார்த்து மனசு கேட்காமல் ஆண்ட்ரூ ஹாலிடி இதைச் செய்தார் என்று கதை. இருக்கலாம். ஆனால் ஹாலிடி இரும்புக் கயிறு செய்து சுரங்கங்களுக்கு விற்றவர். கயிறு விற்கிறவர் கண்ணுக்கு எந்த மேட்டைப் பார்த்தாலும் கயிறுதான் தெரியும். ஆகஸ்ட் மாத விடியற்காலையில் முதல் ஓட்டம். ஓட்ட வந்த ஆள் மேட்டிலிருந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்லிவிட, ஹாலிடியே கைப்பிடியைப் பிடித்தாராம். இதுவும் கதைதான். இதை மட்டும் நம்புகிறேன்.

நவம்பர் 5, புதன்

இறங்கியிருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

தூக்கம் இல்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் தெருவில் தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கிற பிளவுக்குள்ளிருந்து கயிறு ஓடுகிற முனகல் வரும். கடைசி வண்டி போன பிறகும் சிறிது நேரம் வரும். அப்புறம் நின்றுவிடும். ராத்திரியில் கயிற்றைச் சோதித்துப் பழுது பார்ப்பார்கள். காரணம் தெரிந்தும், நின்றவுடன் எழுந்து போய் அக்கா மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிறேன்.

கயிறு ஒன்றேகால் அங்குலம். ஆறு புரி, புரிக்கு 19 கம்பி, நடுவில் நார்க்கயிறு. ஆக 114 கம்பிகள். அதில் ஏதாவது அறுந்து பிசிறு நீட்டிக்கொண்டு வந்தால் பவர்ஹவுஸில் அலாரம் அடிக்கும், கயிற்றை நிறுத்திவிடுவார்கள். பிசிறு ஏதாவது வண்டியின் பிடியில் மாட்டினால், கயிறே வண்டியை இழுத்துக்கொண்டு போகும், பிடியை விட்டாலும் விடாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மில்லில் ரோப் டிரைவ் பார்த்தவன் நான். காதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். சத்தம் மாறினால் ஓடுவோம். இங்கே என்ன சத்தத்தைக் கேட்பது? நர்ஸ் ஊசியைக் கழற்றிவிட்டு எல்லாம் நல்லாப் போகுது என்கிறாள். எது போகிறது?

114. எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். ரசம் சாதம் நாலு வாய்.

முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறாள், மியூசியத்துக்குப் போனதே இல்லையாம். அதெல்லாம் டூரிஸ்ட்டுக்குடா என்றாள். அப்புறம் அவளே, "பழனி விஞ்ச் மாதிரியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பழனியில் வண்டியைக் கயிற்றோடு கட்டியிருக்கிறார்கள். கயிறு நின்றால் வண்டி நிற்கும். இங்கே கயிறு நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், வண்டிதான் வேண்டும்போது பிடிக்கும், வேண்டாதபோது விடும். தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பிளவுக்குள் இறங்கிப் போகிற ஒரு பெரிய பிடி, அதன் வாயில் கயிற்றைக் கவ்வ இரண்டு டை, அதாவது உலோகத் துண்டுகள். அந்த டை மூன்று நாலு நாளில் தேய்ந்துபோகும், மாற்ற வேண்டும். பிரேக்குக்குத் தண்டவாளத்தில் அழுத்துவது மரக்கட்டை. அதுவும் சில நாள்தான். கயிறு சில மாதம்.

"அப்போ அதில் பழசு என்று என்னடா மிச்சம் இருக்கு?" என்றாள்.

1947இல் ரோஜர் லாபம் என்ற மேயர் இதையெல்லாம் எடுத்துவிட்டு பஸ் விடலாம் என்றார். ஃப்ரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி ஊரில் இருந்த பெண்கள் சங்கங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு கிளம்பி, நவம்பர் தேர்தலில் ஓட்டுக்கு விட்டு, மேயரின் திட்டத்தைத் தோற்கடித்தார். மூன்றுக்கு ஒன்றுக்கும் மேல் வித்தியாசம். அக்காவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், மெயின்டனன்ஸ் ஆளாகச் சொன்னால் மேயர் பேச்சில் நியாயம் இருக்கிறது என்றேன். மோட்டார் சக்தியில் பெரும்பகுதி கயிற்றை இழுக்கவே போகிறது, வண்டிக்குப் போவது மீதிதான்.

"செலவுக் கணக்கு பார்க்கிற ஆள் நீ இங்கே வந்திருக்கவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் அதைச் சொல்லவில்லை.

நவம்பர் 10, திங்கள்

பேசவில்லை. கஞ்சி மட்டும்.

நவம்பர் 12, புதன்

மாப்பிள்ளை வீட்டில் இருந்ததால் வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டேன். பவல் தெரு முனையில் மரத் திருகுமேடையில் வண்டியைக் கையாலேயே தள்ளித் திருப்புகிறார்கள். இந்த வண்டிகள் ஒரு பக்கம்தான் ஓடும். டூரிஸ்ட் கூட்டம் கைதட்டியது. தள்ளிய கண்டக்டர் சிரிக்கவில்லை. நல்ல ஆள்.

நான் பார்க்கப் போனது கலிஃபோர்னியா தெரு சந்திப்பை. அங்கே இரண்டு கயிறு குறுக்கே போகிறது. கலிஃபோர்னியா கயிறு 1878இலேயே வந்துவிட்டது, மூத்தது, அதனால் அது மேலே. பவல் கயிறு அடியில் நுழைந்து போக வேண்டும். பவல் வண்டி மேடு முழுக்க ஏறி வந்து, உச்சியில், சரியான இடத்தில் கயிற்றை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் மேலே ஓடுகிற கயிற்றில் போய் இடிக்கும். விட்ட பிறகு கையில் ஒன்றும் இல்லை. இருக்கிற வேகத்தில் தெருவைத் தாண்டி, அந்தப் பக்கம் போய், திரும்பக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். மூலையில் ஒரு சின்னக் கூண்டிலிருந்து சிக்னல் கொடுக்கிறார்கள்.

பிடியை இயக்குகிற கிரிப்மேன் உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தார், பட்டென்று முன்னால் தள்ளினார். முனகல் நின்றது. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

1998 வரை இந்த வேலையில் ஒரு பெண்ணும் இல்லை. ஃபேனி மே பார்ன்ஸ் என்பவர்தான் முதல். அக்காவிடம் சொன்னேன். "அவங்க வயசு என்ன?" என்று கேட்டாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் பேசிவிட்டாள்.

நவம்பர் 13, வியாழன்

ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான். நம்பக் கூடாது. மாப்பிள்ளை பால்கோவா டப்பாவைத் திறந்துவிட்டான், அதற்குள் என்ன அவசரம் என்று கத்திவிட்டேன். பிறகு நானும் தின்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

நாளைக்கு எண் இன்னும் ஏறினால் தானும் வருவேன் என்கிறாள். மாஸ்க் போட்டுக்கொள்கிறாளாம், மேலே நின்று ஐந்து நிமிடம் பார்த்தால் போதுமாம். படி எத்தனை, உட்கார இடம் உண்டா, கிரீஸ் வாசனைக்குக் குமட்டுமா என்று அவளே கேட்டுக்கொண்டே இருந்தாள். கீழே ஒரு ஜன்னல் உண்டு, இருட்டில் தெருவுக்கடியிலிருந்து கயிறுகள் வந்து கப்பியில் திரும்புவது தெரியும். அங்கே கூட்டிப் போக முடியாது, மேலேயே போதும். 1982இலிருந்து 84 ஜூன் வரை மொத்தத்தையும் நிறுத்திவிட்டு, தண்டவாளம் முதல் சக்கரம் வரை புதிதாகப் போட்டார்களாம். அதைச் சொன்னேன். "நிறுத்தி வச்சிருந்தும் திரும்ப ஓட்டினாங்களா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

நவம்பர் 15, சனி

போன் வந்தது, உடனே கூட்டிவரச் சொல்கிறார்கள். எண்ணைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை கார் எடுக்கப் போயிருக்கிறான். சார்ஜர், ஸ்வெட்டர், மருந்து ஃபைல். மீதி அப்புறம்.